கொடுத்த காசும் குடை இனாமும்

ஆழ்வார்திருநகரியில் அக்கா வீட்டுக்குப் போனால் தாமிரபரணிக் குளியலும் சொதிச் சாப்பாடும் நிச்சயம். 2019 கோடையில் கூடுதலாக ஓர் ஐட்டம் கிடைத்தது: மருமகனின் உம்மணாமூஞ்சி.

"என்னலே, ஆபீஸ்ல சீட்டைக் கிழிச்சிட்டானா?"

"அது இல்ல மாமா. கேம்ல ஏமாத்திட்டாங்க."

சீட்டாட்டமாக்கும் என்று நான் பதறி, அக்காவுக்குக் கேட்டுவிடாமல் அவனைத் திண்ணைக்குத் தள்ளிக்கொண்டு போய் விசாரித்தேன். நல்லவேளை, கம்ப்யூட்டர் கேம்! வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, இன்னும் தயாரிக்காத ஒரு விளையாட்டுக்காக ஊர் உலகமெல்லாம் காசு வசூலித்திருக்கிறது. இவனும் முதல் மாதச் சம்பளத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு அனுப்பியிருக்கிறான். முடிந்ததும், அவன் வழக்கமாக கேம் வாங்கும் இணையக் கடையிலேயே தருவோம் என்று வாக்கு. இப்போது கடிதம் வந்திருக்கிறது: 'முதல் ஒரு வருஷம் வேறொரு கடையில் மட்டும்தான். மன்னிக்கவும்.'

அக்கா உள்ளிருந்தே தீர்ப்புச் சொன்னாள். "உளுந்து இந்தக் கடையில இல்லேன்னா எதுத்த கடையில வாங்குதோம்லா? இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு!"

நியாயமான கேள்வி. ஆனால் உளுந்துக்கு அந்தக் கடையில் சிநேகிதர்கள் கிடையாது. இவனுக்கு உண்டு. வாங்கின கேம்கள் எல்லாம் அங்கேதான், கூட விளையாடுகிறவர்களும் அங்கேதான்.

அந்த வருஷம் இந்தக் கூத்து பலருக்கு நடந்தது. 1994-ல் எக்ஸ்-காம் விளையாட்டைக் கொடுத்த ஜூலியன் கோலப், பல்கேரியாவில் இருந்துகொண்டு 'பீனிக்ஸ் பாயிண்ட்' என்று ஒன்றை ஆரம்பித்தார். 2017-ல் 'ஃபிக்' என்ற தளம் மூலம் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்து ஏழரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஸ்டீம் அல்லது ஜி.ஓ.ஜி. கடையில் தருவதாகப் பேச்சு. 2019 மார்ச்சில் அறிவிப்பு: ஒரு வருஷம் எபிக் கடையில் மட்டும்! ஜப்பானின் யூ சுசூகி 'ஷென்மூ 3'-க்காக 2015-ல் கிக்ஸ்டார்ட்டரில் திரட்டியது அறுபது லட்சம் டாலருக்கும் மேல். அங்கேயும் இதே கதை. ரகளைக்குப் பிறகு, காசைத் திருப்பிக் கேட்பவர்களுக்கான செலவை எபிக் ஏற்றுக்கொண்டது.

ஏன் மாறினார்கள்? பி.காம். படித்த திமிரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டீம் கமிஷன் பொதுவாக 30 சதவீதம். 2018 டிசம்பரில் திறந்த எபிக் 12 போதும் என்றது. ஆயிரம் ரூபாய் கேமில் 700 கைக்கு வந்த இடத்தில் 880. போதாக்குறைக்கு, 'எங்களுக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுத்தால் விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரு தொகை நிச்சயம். இருபது முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கு நாக்கில் ஜலம் ஊறாதா? (புதுக் கடையில் அப்போது பொருளைப் போட்டுக்கொள்ளக் கூடைகூடக் கிடையாது. கார்ட் வந்தது 2021 டிசம்பரில்தான்!)

ஒரே கடையில் விற்பது குற்றமில்லை. புனே பையன்களும் பெண்களும் செய்த 'ராஜி' கேமுக்கு 2017 கிக்ஸ்டார்ட்டரில் இலக்குத் தொகை சேரவில்லை, அதனால் யார் காசும் அவர்கள் கைக்கு வரவில்லை. 2020 ஆகஸ்டில் முதலில் நின்டெண்டோ ஸ்விட்ச்சில் மட்டும் வந்தது, மற்றதற்கெல்லாம் அக்டோபரில். முன்பணம் கொடுத்தவன் என்று சட்டையைப் பிடிக்க ஆள் கிடையாது.

வம்பு, வாங்கின பிறகு மாற்றுவதில்தான். கடையில் காசு கொடுத்தால் நீங்கள் வாடிக்கையாளர், கன்ஸ்யூமர் கோர்ட் உண்டு. பங்கு வாங்கினால் பங்குதாரர், வருஷாந்திரக் கூட்டத்தில் கையைத் தூக்கலாம். இந்த மாதிரிக் கொடுத்தவர் இரண்டும் இல்லை, மொய் எழுதியவர்! எழுதிவிட்டுப் பந்திக்குப் போனால் 'சாப்பாடு அடுத்த தெரு மண்டபத்தில், பழைய மண்டபத்தில்தான் வேண்டுமென்றால் அடுத்த வருஷம் வாங்க' என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஃபிக்கில் லாபப் பங்குக்கென்று காசு போட்டவர்களும் இருந்தார்கள். எபிக் ஒப்பந்தத்தால் அவர்களுக்கு 191 சதவீத வருமானம் என்று செய்தி வந்தது. மொய் எழுதியவர்கள் அதைப் படித்துவிட்டுப் பல்லைக் கடித்தார்கள்.

ஊரார் காசில் கம்பெனி என்றால் எங்கள் பக்கத்து ஆளுக்கு ஞாபகம் வருவது தூத்துக்குடிதான். 1906-ல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி. மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000. பங்கு ஆசியாக்காரர்களுக்கு மட்டும். வெள்ளைக்காரன் கைக்குப் போகக் கூடாது என்பதுதான் அதன் உயிர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் 1907-ல் வந்து கொழும்புக்கு ஓடின. எதிர்க் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கட்டணத்தைக் குறைத்தது. அப்புறம் சும்மாவே ஏறுங்கள் என்றது. ஏறினவனுக்குக் குடையும் இனாம்!

"எபிக்கும் சும்மாதான் மாமா கேம் குடுக்கான்" என்றான் மருமகன்.

"நீ எடுத்தியாலே?"

பதில் இல்லை. எடுத்திருக்கிறான்.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைது. தலைவன் இல்லாத கம்பெனி தள்ளாடி 1911-ல் மூடப்பட்டது. காலியா போய்ச் சேர்ந்த இடம்? எந்தக் கம்பெனிக்கு எதிராக 25, 25 ரூபாயாகச் சேர்த்து வாங்கினார்களோ, அதே பிரிட்டிஷ் இந்தியா! சிறையிலிருந்தவரை நஷ்டத்தைவிட அதுதான் அதிகம் வாட்டியது என்பார்கள். ஆனால் அந்த ஆள் விற்கவில்லை. விற்கும்போது செக்கு இழுத்த உடம்போடு உள்ளே இருந்தார். பங்கு போட்டவர்களின் பேரன்கள் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

மருமகனுக்குக் காசைத் திருப்பிக் கேட்க ஒரு மாதம் கெடு கொடுத்திருந்தார்கள். "கேட்டு வாங்குலே" என்றேன். தலையைத் தலையை ஆட்டினான்.

போன மாதம் ஞாபகம் வந்து, அந்த கேம் என்னவாயிற்று என்று போனில் கேட்டேன்.

"காசு கேக்கல மாமா. ஒரு வருஷம் கழிச்சுப் பழைய கடைக்கே சாவி அனுப்பிட்டாங்க."

"எப்படிலே இருந்துது விளையாட்டு?"

"இன்னும் தொறக்கல மாமா."