ஒரே அட்டை, இரண்டு நோயாளிகள்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக இங்கே வருகிறார்கள். வீட்டில் ஒருவர் படுத்தாலே அலைச்சல்தான். இருவர் சேர்ந்து படுத்துவிட்டால்?

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அதே நேரத்தில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோதெரபி தொடங்கியாயிற்று. பார்த்துக்கொள்ள ஒரே மகள்.

முதலில் பணம். அந்த அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் அது தலைக்கு 5 லட்சம் அல்ல, குடும்பம் முழுமைக்கும் சேர்த்துத்தான். இருவரின் செலவும் ஒரே கணக்கில் கழியும். அதனால் பெரிய அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கும் முன்பே, மீதி எவ்வளவு இருக்கிறது என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ 1800 425 3993 என்ற இலவச எண்ணிலோ கேட்டுவிட வேண்டும்.

பணத்தைவிட எனக்குப் பயம் தருவது அடுப்படி. கீமோ எடுப்பவரை நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் செய்பவருக்கோ தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். நலம் விசாரிக்க வருகிற சொந்தக்காரர்கள் அன்போடு வாங்கி வரும் இளநீரும் வாழைப்பழமும் அப்பாவுக்கு ஆகாது. அவற்றிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை, வலிக்கிறதே என்று மற்றவருக்குக் கொடுப்பதும் ஆபத்துதான். ஒரே பிளாஸ்டிக் பையில் இருவர் மாத்திரையும் கிடக்கவே கூடாது. வேறு வேறு நிறத்தில் இரண்டு துணிப்பைகள் போதும்: மாத்திரை, சீட்டு, ஸ்கேன் எல்லாம் அவரவர் பையில்.

இன்னொன்று காய்ச்சல். கீமோவால் அம்மாவின் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி தொட்டாலே விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அப்பாவுக்குச் சளி, இருமல் என்றால் அம்மா வேறு அறையில் படுக்கட்டும்.

எது தள்ளிப்போகலாம், எது கூடாது என்பதை இரு மருத்துவர்களிடமும் கேளுங்கள். இன்னொரு வீட்டில் ஒருவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை பாக்கி இருக்கலாம். அது பெரும்பாலும் காத்திருக்கும். டயாலிசிஸ் காத்திருக்காது, தவறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். வயிற்று வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் அப்பாவுக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே தரப்படுகின்றன. ஒற்றை ஆளாக நிற்கும் மகளுக்கு அது வாரத்தில் மூன்று நாளை மீட்டுத் தரும்.

அந்த மகளைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. நம் வார்டுகளில் துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்பது கடினம். தென் கொரியாவில் 2013-இல் சோதனையாகத் தொடங்கிய முறையில், உறவினர் தங்கத் தேவையில்லாமல் செவிலியரும் உதவியாளர்களுமே படுக்கையோர வேலைகளைச் செய்கிறார்கள். இங்கும் அது வந்தாக வேண்டும். அதுவரை “ஏதாவது வேணும்னா சொல்லு” என்பவர்களிடம் குறிப்பாகவே சொல்லிவிடலாம்: செவ்வாய்க்கிழமை அப்பாவை நீங்கள் கூட்டிப்போங்கள், மாமா, வியாழக்கிழமை ராத்திரி அம்மாவோடு நீங்கள் இருங்கள், அத்தை. தூக்கமின்றி மனம் கலங்கினால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

திருவண்ணாமலைக்காரர்கள் காலண்டரில் பௌர்ணமியையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிரிவலக் கூட்டத்தில் சாலைகள் மாற்றிவிடப்படும், ஆட்டோ பிடிப்பது கஷ்டம். அன்று டயாலிசிஸ் முறை வந்தால் காலை முதல் ஷிஃப்ட்டுக்கு மாற்றித் தர முடியுமா என்று முந்தைய வாரமே கேட்டுவையுங்கள்.