கேள்வி கேட்கவும் தெரிய வேண்டும்!

இம்மாதத் தொடக்கத்தில் ஒரு படிப்பகத்திற்குப் போயிருந்தோம். ஏடுகள் விரிந்து கிடந்தன. தேநீர் வந்தது, பேச்சும் வளர்ந்தது. மூலையில் ஒரு தோழர், விசைத்தறி ஓட்டுபவர், கைப்பேசியை வைத்துக்கொண்டு கடுகடுத்துக் கொண்டிருந்தார்.

“என்ன தோழர், முகம் சிவந்திருக்கிறது?” என்றோம்.

“செயற்கை நுண்ணறிவு உலகத்தையே புரட்டிப் போடும் என்றார்களே! ஒரு மனு எழுதச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதித் தந்திருக்கிறது, பாருங்கள்!”

வாங்கிப் பார்த்தோம். மெய்தான். சாலைகளே நாட்டின் நரம்புகள் என்று முழங்கி, மேலான கவனத்தை வேண்டி, ஆவன செய்யக் கோரி முடிந்திருந்தது. எந்தச் சாலை? இல்லை. எந்த வார்டு? இல்லை. எந்த ஆண்டு போட்டது? அதுவும் இல்லை! தோழர் தட்டிய வாசகம்தான் என்ன? “எங்க ரோடு சரியில்லை, மனு எழுது.” அவ்வளவே! அவர் சொல்லவில்லை, அதுவும் எழுதவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த நாளிலிருந்து இந்தப் பொறிகளைப் பற்றிப் பேசாத வாயில்லை. ஆனால் அது ஞானியுமல்ல, ஆரூடக்காரனுமல்ல. எண்ணிறந்த பக்கங்களைப் படிக்க வைத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிடப் பழக்கப்பட்ட பொறி. நாம் கொடுக்கும் சொல்லே அதற்குத் தடம். அந்தச் சொல்லைப் ‘பிராம்ப்ட்’ என்கிறார்கள். நாடகம் போட்ட தோழர்களுக்கு இது புதிய சொல்லா? பக்கத்துத் திரை மறைவில் நின்று நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவரைப் பிராம்ப்டர் என்றுதானே அழைத்தோம்! அவர் பாதி வரியை முணுமுணுத்தால், மன்னர் வேடம் போட்டவர் மந்திரியின் வசனத்தைப் பேசுவார்; கொட்டகை சிரிக்கும்.

தோழருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். “உமக்கு வேண்டியது என்ன?” என்று கேட்டோம். தெருவில் சாலை போட்டார்கள். ஆறே மாதத்தில் ஜல்லி பெயர்ந்துவிட்டது. எவ்வளவு பணம், எந்த ஒப்பந்தக்காரர், யார் அளந்து கையெழுத்திட்டது என்று தெரிய வேண்டும் என்றார். அப்படியானால் அவருக்கு வேண்டியது முறையீடு அல்ல, தகவல்! அதற்குத்தான் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே! பிறகு இப்படித் தட்டச் சொன்னோம்:

“தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன்படி எங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுது. தெரு, வார்டு, சாலை போட்ட ஆண்டு கீழே உள்ளன. எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம் புக், பில் தொகை கொடுத்த ஆவணம் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். ‘ஏன் இப்படி ஆயிற்று’ என்று கேட்காதே. ஆவணங்களை மட்டும் கேள். ஒரு பக்கத்துக்குள், எண் போட்டு, எளிய தமிழில் எழுது. உறுதியாகத் தெரியாததை எழுதாதே. தெரியவில்லை என்று சொல். நான் சொல்லாத விவரம் தேவையானால் எழுதுமுன் என்னிடம் கேள்.”

இந்தக் கடைசி வரி இருக்கிறதே, அது தங்கம்! பொறி உடனே திருப்பிக் கேட்டது: நகல் மட்டும் போதுமா, வேலையை நேரில் பார்வையிடவும் விரும்புகிறீர்களா? தோழர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆம், வேலையைப் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அந்தச் சட்டத்தின் 2(ஒய்) பிரிவு இடந்தருகிறது என்று எழுதத் தொடங்கிய நம்மைத் தோழரே நிறுத்தினார். ஆங்கில மூலத்தில் அது 2(ஜே). சட்டத்தைப் பிரித்துப் பார்த்து எழுதுவது நமக்கும் பொருந்தும்தானே!

அந்தப் பிரித்துப் பார்த்தல் வீண்போகவில்லை. பொறி எழுதிய மனுவில், தகவல் எதற்காக வேண்டும் என்பதற்கு ஒரு பத்திக் காரணம் இருந்தது. காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது 6(2)! சுட்டிக் காட்டினோம். உடனே மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்பதில் அதற்கு நிகர் அதுவே! 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இந்தப் பொறி புனைந்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். ‘தெரியாததை எழுதாதே’ என்று சொல்லி வைத்தால் பொய் குறையும், ஒழியாது.

இன்னொன்று. அது மிகுதியும் ஆங்கிலத்தில் படித்த பிள்ளை. அதன் தமிழ் பல நேரங்களில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். நம் சங்கத்தில் முன்பு எழுதிய நல்ல மனு ஒன்றை அதன்முன் வைத்து, ‘இந்த நடையில் எழுது’ என்றால் திருந்துகிறது. ஒருமுறை சரிவராவிட்டால் எங்கே தவறு என்று சொல்லித் திருத்தச் சொல்லலாம், அது சலித்துக்கொள்ளாது. ஆனால் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இவற்றை அங்கே தட்ட வேண்டாம். முகவரியைக் கையால் நிரப்பினால் என்ன, விரலா தேய்ந்துவிடும்?

‘ஆளைக் குறைக்க முதலாளி கொண்டுவரும் பொறி, அதை நாம் தொடலாமா?’ என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். அந்த அச்சம் பொய்யன்று. அதற்கான போராட்டம் வேறு. ஆனால் நமக்குப் பதில் எழுதும் அலுவலகத்தின் மேசையிலும், பில் போடும் ஒப்பந்தக்காரரின் மேசையிலும் அது ஏறி உட்காரும்போது, நாம் மட்டும் மொட்டைப் பென்சிலோடு நிற்பதா?

பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, மனுவை நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கி வந்தார் தோழர். பதில் தர 30 நாள் கெடு. வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதை எழுதும் இன்று பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. மேல்முறையீட்டுக்கான வாசகத்தை அவர் இப்போதே எழுதி வைத்திருக்கிறார், நம்மைக் கேட்காமலேயே.