திட்டம் இருந்தால் 90 நிமிடம் போதும்

காஜாங்கில் கூடைப்பந்து ஆடும் மாணவர்களுக்குக் குறைவில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் பள்ளிகளிலும் குடியிருப்புப் பகுதிகளின் திறந்தவெளி ஆட்டக்களங்களிலும் பந்துச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். காற்பந்தே கதி என்றிருந்த நம் தமிழ் மாணவர்களையும் இப்போது அங்கே பார்க்கிறேன்.

அவர்களுக்கு மாலை நேரத்தில் பயிற்சி தருபவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்து வருகிறேன். படிவம் 4 வரை துடிப்பாக ஆடியவர்களில் பலர் எஸ்பிஎம் ஆண்டு வந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள். "நேரமில்லை சார்" என்பதுதான் காரணம். மூன்று மணி நேரம் மனம் போனபடி ஆடிவிட்டுக் களைத்து வீடு திரும்பினால் புத்தகத்தைத் தொட முடியாதுதான். ஆனால், பயிற்சிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. ஒழுங்காகத் திட்டமிட்டால் 90 நிமிடம் போதும்.

முதலில் திறன், பிறகு ஓட்டம்

பலர் களத்தில் இறங்கியதுமே மூச்சிரைக்க ஓடுகிறார்கள். அதன்பின் பந்தை எடுக்கும்போது கால் தளர்ந்திருக்கும், கவனம் சிதறியிருக்கும். களைத்த உடல் தவறான அசைவையே பழகிக்கொள்ளும். ஆகவே, புதிதாகக் கற்க வேண்டியதை முதலிலும் உடலை வருத்துவதைக் கடைசியிலும் வையுங்கள்.

முதல் 10 நிமிடம் உடலைச் சூடாக்க: மெதுவோட்டம், அசைந்தபடி செய்யும் தசைப் பயிற்சிகள், ஒற்றைக் காலில் நின்று சமநிலை காத்தல், குதித்து மென்மையாகத் தரையிறங்குதல். கூடைப்பந்தில் அதிகம் காயம்படுவது கணுக்கால். அதைக் காப்பது இந்தப் பத்து நிமிடம்தான்.

அடுத்த 20 நிமிடம் பந்தைத் தட்டிச் செல்லவும் கைமாற்றிக் கொடுக்கவும். இதில் பாதி நேரம் பழக்கமில்லாத கைக்கு.

பிறகு 25 நிமிடம் கூடையில் எறிதல். வந்ததும் மூன்று புள்ளிக் கோட்டில் போய் நிற்காதீர்கள். அது கூடையிலிருந்து 6.75 மீட்டர். கூடைக்கு அருகிலிருந்து தொடங்குங்கள். ஓரிடத்திலிருந்து பத்துக்கு ஏழு விழுந்தால் ஓரடி பின்னால் போங்கள். எத்தனை எறிந்தோம் என்பதைவிட எத்தனை விழுந்தது என்பதை எண்ணுங்கள்.

அடுத்த 15 நிமிடம் மூவருக்கு மூவர் ஆட்டம். 2019 முதல் சீ விளையாட்டுப் போட்டியிலும், தோக்கியோவில் தொடங்கி ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றிருக்கும் ஆட்டம் இது. அரைக்களம் போதும். ஆள் குறைவு என்பதால் ஒவ்வொருவர் கைக்கும் பந்து அடிக்கடி வரும். தற்காப்பில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது.

களைப்பில்தான் சோதனை

அதன்பின் 15 நிமிடம் உடல் தகுதிக்கு. கூடைப்பந்து நெடுந்தூர ஓட்டமல்ல. சீறிப் பாய்வதும் சட்டென நிற்பதுமான ஆட்டம். பயிற்சியும் அப்படியே இருக்கட்டும். முழுக்களத்தின் நீளம் 28 மீட்டர். ஒருமுறை முழு வேகத்தில் போய்த் திரும்புங்கள். ஓடிய நேரத்தைப்போல் மூன்று மடங்கு ஓய்வெடுங்கள். புதியவர்கள் நான்கு முறை, பழகியவர்கள் எட்டு முறை.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் மூச்சு வாங்க வாங்க இரண்டு ஃப்ரீ த்ரோ எறியுங்கள். ஆட்டத்தில் அந்த வாய்ப்பு களைத்திருக்கும்போதுதான் வரும். எதிரில் தடுக்க யாருமில்லை, தூரம் 4.6 மீட்டர்தான். ஆனாலும், என்பிஏ-வின் பெரும் பலசாலியான ஷகீல் ஓ'நீல் தம் வாழ்நாள் ஆட்டங்களில் போட்டது ஏறக்குறைய 53 விழுக்காடு. ஸ்டீபன் கரியோ 90 விழுக்காட்டுக்கும் மேல். பலம் வேறு, திறன் வேறு. இரண்டுக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்க வேண்டும்.

கடைசி 5 நிமிடம் தசைகளைத் தளர்த்தி, அன்றைய கணக்கைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

தினமும் ஒரே வேகம் வேண்டாம்

திங்கள், புதன், வெள்ளி முழுப் பயிற்சி. செவ்வாய், வியாழன் 40 நிமிடம் எறிதல் மட்டும். சனிக்கிழமை நட்புமுறை ஆட்டம். ஞாயிறு கட்டாய ஓய்வு. தசை வலுப்பெறுவது ஓய்வில்தான். தேர்வு நெருங்கினால் வாரம் மூன்று நாள், 45 நிமிடமாகக் குறையுங்கள். அடியோடு நிறுத்தினால் சில வாரங்களிலேயே மூச்சுத் திறன் இறங்கிவிடும்.

நம் வானிலையையும் மறக்காதீர்கள். கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடியுங்கள். இடி கேட்டால் களத்தைவிட்டு வெளியேறுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிப்பயிற்சி வேண்டாம்.

இழப்பது எது?

அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. எஸ்பிஎம் ஆண்டில் பந்தைத் தூக்கி எறிபவர்கள் பல ஆண்டு உழைப்பைப் பாதியில் விடுகிறார்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை ஏறக்குறைய 18 ஆண்டுகள் இந்திய மகளிர் அணிக்கு ஆடி, அதன் தலைவியாகவும் இருந்து, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அத்தனை ஆண்டுகள் நிலைத்து நிற்க ஆர்வம் மட்டும் போதாது. அன்றாட ஒழுங்கு வேண்டும்.

மாணவர்களே, ஐந்தரைக்குத் தொடங்கினால் ஏழு மணிக்கு முடிந்துவிடும். குளித்துச் சாப்பிட்டு எட்டரைக்குப் பாடப்புத்தகத்தோடு உட்காரலாம். இந்த வாரமே ஒரு தாளில் உங்கள் 90 நிமிடத்தைப் பிரித்து எழுதுங்கள். அதைப் பெற்றோரிடமும் காட்டுங்கள். எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்பது தெரிந்தால், பந்தோடு கிளம்பும்போது அவர்கள் தடுக்கமாட்டார்கள்.