மூளைக்குள் போன கம்பி வலை!
500 நோயாளிகளிடம் நடந்த சோதனை

நன்றாகப் பேசிக்கொண்டு இருப்பார். திடீர் என்று வாய் கோணும். ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துவிடும். பேச்சு குழறும். இதுதான் பக்கவாதம்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை ரத்தக்கட்டி அடைத்துக் கொள்வதால்தான் பெரும்பாலும் இது வருகிறது. ரத்தம் கிடைக்காத மூளைப் பகுதி, நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே போகும்.

கட்டியைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. ஆனால் பெரிய குழாயில் பெரிய கட்டி அடைத்துவிட்டால், பலருக்கு அது கரைவது இல்லை.

தொடை வழியாக...

இதற்கு டாக்டர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, மூளை வரை கொண்டுபோவார்கள். அதன் வழியே சின்னஞ்சிறு கம்பி வலை போகும். வலை விரிந்து, கட்டியைப் பற்றிக்கொள்ளும். வலையை இழுத்தால், கட்டியும் வந்துவிடும்!

கட்டி வந்தது சரி. நோயாளி எழுந்து நடந்தாரா?

2013-ம் ஆண்டு 3 ஆராய்ச்சிகளின் முடிவு வெளிவந்தது. கட்டியை எடுப்பதால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றன மூன்றும். அவற்றில் பெரும்பாலும் பழைய கருவிகளே பயன்பட்டன. பெரிய குழாய்தான் அடைத்திருக்கிறதா என்று பலருக்கு முன்னதாகப் பார்க்கவும் இல்லை.

குலுக்கல் ஏன்?

நெதர்லாந்து நாட்டின் 16 ஆஸ்பத்திரிகளில் இன்னொரு சோதனை நடந்தது. பெரிய குழாய் அடைத்திருப்பதைப் படம் எடுத்து உறுதி செய்துகொண்டு, 500 பேரைச் சேர்த்தார்கள். 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி.

233 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு கட்டியை எடுக்கும் சிகிச்சையும் சேர்ந்தது. 267 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கு எது? அதை டாக்டர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முடிவு செய்தது! டாக்டரே ஆளைப் பொறுக்கினால், தேறக்கூடியவர்களையே பொறுக்கிவிடலாம் அல்லவா?

2014-ம் ஆண்டு இறுதியில் முடிவு வெளியானது. 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, பிறர் உதவி இன்றி வாழ முடிந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 19 பேர். கட்டியை எடுக்கும் சிகிச்சையும் சேர்ந்தவர்களில் 100-க்கு 33 பேர்! இறந்தவர்கள் எண்ணிக்கையில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை.

கனடா, ஆஸ்திரேலியா டாக்டர்கள் நடத்திவந்த சோதனைகளிலும் பலன் தெளிவாகத் தெரிந்தது. அதனால் அவை இடையிலேயே நிறுத்தப்பட்டன. பலன் தெரிந்த பிறகு, குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு அதை மறுப்பது முறை ஆகுமா?

ஆனாலும், கட்டியை எடுத்தும் 100-க்கு 67 பேர் பிறர் உதவி இன்றி வாழும் நிலைக்கு வரவில்லை. நேரம் போனால் மூளை போகும். வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.