தள்ளும் கை

வத்தல்மலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பக்கவாதம் வந்த அவருடைய அப்பா, உட்கார வைத்தால் விழுந்துபோன பக்கமாகவே சாய்கிறாராம். நிமிர்த்தப் போனால் நல்ல கையை ஊன்றி எதிர்த்துத் தள்ளுகிறாராம். "பிடிவாதமா, புத்தி பிசகிவிட்டதா?" என்று கேட்கிறார். பெரும்பாலும் இரண்டுமே இருக்காது.

கண், உட்காது, தசையும் மூட்டும் தரும் உணர்வு மூன்றையும் மூளை சேர்த்துப் பார்த்துத்தான் உடம்பை நிறுத்துகிறது. பக்கவாதம் இந்தக் கணக்கைக் குலைத்தால் என்ன ஆகும்? இப்படித் தள்ளும் நோயாளிகளைப் பற்றி 1985-இல் பாட்ரீசியா டேவிஸ் என்ற இயன்முறை மருத்துவர் எழுதினார். 2000-இல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஓட்டோ கார்நாத் குழுவினர் இவர்களைச் சாயும் நாற்காலியில், கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். சுமார் 18 டிகிரி சாய்ந்திருக்கும்போதுதான் 'நேராக இருக்கிறேன்' என்றார்கள். ஆனால் கண்ணால் பார்த்து எது செங்குத்து என்று சொல்வதில் தவறவே இல்லை! எங்கள் வீடு கட்டியபோது கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுச் சுவரைச் சரிபார்ப்பதை வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு உடம்புக்குள் இருக்கும் குண்டு கோணிவிட்டது. கண்ணில் இருப்பது பழுதாகவில்லை.

எனவே சிகிச்சை கண்ணிலிருந்து தொடங்குகிறது. அவரை எதிர்த்துத் தள்ளாதீர்கள். வாசல் நிலையையோ, காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தையோ காட்டி, "அதைப் பாருங்கப்பா, நீங்க நேரா இருக்கீங்களா?" என்று கேளுங்கள். சாய்வை அவரே கண்டுபிடித்து, அவரே நிமிர வேண்டும். நல்ல கைப் பக்கம் ஒரு சொம்பை வைத்து எட்டி எடுக்கச் சொல்லலாம். இது பழகியபின் உட்கார்ந்து எழுவது, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றுவது, பிறகு நடை. பலவீனமான பக்கம் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். மேடும் பள்ளமுமான மலைப்பாதை கடைசியில்தான்.

எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம்; தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறோம். தோள் மூட்டு நழுவ அதுவே போதும். நம் அக்கறையே ஆளை முடக்கிவிடக் கூடாது.

2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் அப்பாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள்; வருகிறவரிடம், அவர் எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள்.