உளவளத்துணை நாடுவோர் அறிய வேண்டுவன

கொழும்பு நகரில் அங்கொடை என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று. சிறுவர் சண்டையிடும்போதும் பெரியோர் பரிகாசம் பண்ணும்போதும் அச்சொல் பைத்தியம் என்னும் பொருளிலேயே வழங்கி வருகின்றது. அங்குள்ள வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் என்னும் புதுப் பெயருடன் இயங்குகின்ற போதிலும் பழைய சொல்லின் கறை இன்னும் நீங்கவில்லை. மனத்துயருற்ற ஒருவர் உதவி நாடாது வாளாவிருப்பதற்கு இக்கறை ஒரு காரணம். அதிகம் பேசப்படாத மற்றொரு காரணமும் உண்டு. துணிந்து ஒருமுறை சென்றவர்களுட் பலர், எதிர்பார்த்துப் போனது ஒன்று, அங்கே கண்டது வேறொன்று என்ற ஏமாற்றத்தால் மறுமுறை செல்வதில்லை.

வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடொன்றில் தனித்து வாழும் ஒரு தாயைக் கற்பனை செய்து கொள்ளலாம். கணவர் காலமாகி இரண்டாண்டுகள் ஆகின்றன. மக்கள் இருவரும் கனடாவில் இருக்கின்றனர். இரவில் உறக்கமில்லை, நெஞ்சு அடைக்கின்றது, இடையிடையே பெருமூச்சு எழுகின்றது. இருதயத்தைச் சோதித்த வைத்தியர் அதில் ஒரு குறையும் இல்லை என்கின்றார். அதனால் அத்தாயின் நோவு பொய் என்று ஆகிவிடாது. தமிழர் தம் மனத்துயரைப் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே வெளியிடுகின்றனர் என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலானோர் எழுதியிருக்கின்றனர்.

வைத்தியரின் சொற்படி அவர் ஓர் உளவளத்துணையாளரிடம் செல்கின்றார். கட்டில் இல்லை, ஊசி இல்லை. சாத்திய கதவும் இரண்டு கதிரைகளுமே உள்ளன. எதிரே இருப்பவர் மகள் வயதுடைய ஒரு பெண். உறக்கம், உணவு, முன்னைய நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள் என்று வினாக்கள் தொடர்கின்றன. "வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்பொழுதாவது வந்ததுண்டா?" என்பதும் அவற்றுள் ஒன்று. இதைக் கேட்டுத் திடுக்கிட வேண்டுவதில்லை. கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது ஆராய்ச்சியிற் கண்ட உண்மை. ஆம் என்று விடை கூறினால் பொலிசுக்குப் போய்விடுமோ என்ற அச்சமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டவிதி இலங்கையில் 1998ஆம் ஆண்டு நீக்கப்பட்டுவிட்டது.

அறையிற் கூறப்படுவது அறையை விட்டு வெளியேறாது என்ற உறுதியும் அன்றே தரப்படும். காலையில் சந்தையிற் பேசியது மாலைக்குள் ரொறன்ரோவை எட்டிவிடும் வெள்ளவத்தையில் இது சிறிய காரியமன்று. எனினும் இதற்கு விலக்கு உண்டு. ஒருவருடைய உயிருக்கோ, ஒரு குழந்தைக்கோ ஆபத்து நேரும் என்று கண்டால் உளவளத்துணையாளர் வேறு உதவியை அழைப்பார். அதனையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை.

நேரம் முடியும் தறுவாயில் அத்தாய் கேட்கின்றார்: "இப்ப நான் என்ன செய்யவேணும், பிள்ளை?"

"உங்களுக்கு என்ன தோன்றுது, அம்மா?" என்பதே மறுமொழி.

பலர் திரும்பி வராது போவது இந்த இடத்திலேதான். கேட்க வந்தவரே விடையும் சொல்வதாயின் வந்ததன் பயன் என்ன என்று அவர் எண்ணுவது இயல்பே. ஆனால் புத்திமதிக்கு அவருக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. தமையனார் சொன்னார், மைத்துனி சொன்னார், சோதிடரும் சொன்னார். இடைமறிக்காது கேட்டவர்தாம் ஒருவரும் இலர்.

பேசுதலே சிகிச்சையாகலாம் என்ற கருத்து வியன்னா நகரில் உருப்பெற்றது. 1880 முதல் 1882 வரை யோசப் புரோயர் என்னும் வைத்தியர் பேர்த்தா பப்பன்ஹைம் என்ற இளம் பெண்ணுக்கு மருத்துவம் செய்தார். 'பேச்சுச் சிகிச்சை' என்று அதற்குப் பெயரிட்டவர் அப்பெண்ணே. 1895இல் புரோயரும் பிராய்டும் வெளியிட்ட நூல் அவரை 'அன்னா ஓ' என்ற புனைபெயரால் உலகறியச் செய்தது. எனினும் அவர் உடனே குணமடைந்துவிடவில்லை. பின்னரும் சில காலம் மருத்துவமனைகளில் இருக்க நேர்ந்தது. பிற்காலத்திலே பெண்களின் நலனுக்காகப் பெருந்தொண்டு புரிந்தார். விரைந்து பலன் தேடுவோர் இவ்வரலாற்றின் பிற்பகுதியையும் அறிந்திருத்தல் நன்று.

கற்பனைத் தாய் மறுவாரமும் செல்கின்றார் என்று கொள்ளலாம். நான்காம் வாரமளவில், பிள்ளைகளுக்கும் சொல்லாத ஒன்று வெளிப்படுகின்றது: "அண்டைக்கு இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் அவர் இருந்திருப்பார். நான்தான் விடியட்டும் என்று சொன்னனான்." இரண்டாண்டாக நெஞ்சை அடைத்தது இதுவே. அப்படியில்லை என்று உளவளத்துணையாளர் உடனே மறுத்துவிட மாட்டார். மறுப்பதற்கு உறவினர் போதும். அவ்விரவில் அவர் அறிந்திருந்தது யாது, பின்னர் அறிந்தது யாது, கணவர் தாமே என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் துணைநிற்பார். அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறை இதனை ஒத்தது. அம்முறையில் வீட்டுவேலையும் உண்டு. எந்த நேரத்தில் எந்த எண்ணம் எழுந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவரச் சொல்வர்.

ஒவ்வொரு சந்திப்பும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் வாரம் ஒருமுறையாக, ஆறு முதல் இருபது சந்திப்புகள் வரை செல்லலாம். மூடியிருந்ததைத் திறந்த அன்று துயரம் கூடுவதும், வீடு திரும்பும் பஸ்ஸிலே கண்ணீர் வருவதும் உண்டு, அது தோல்வியன்று. சில வாரங்கள் சென்றும் பயன் தோன்றாவிடின் அதனை அவரிடமே வெளிப்படையாகக் கூறலாம். வேறொருவரை நாடவும் செய்யலாம். குருவுக்குச் செய்த துரோகமாக அதனைக் கருத வேண்டுவதில்லை. மருந்து தரும் உரிமை உளவளத்துணையாளருக்கு இல்லை. கடுமையான மனச்சோர்வுக்கும், பிறர் செவிக்கு எட்டாத குரல்கள் கேட்பது போன்ற நிலைகளுக்கும் உளமருத்துவரையே காண வேண்டும்.

பேரழிவைக் கண்டோர் நிலை சற்று வேறானது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனைப் பகுதி எங்கும் துயரம் சூழ்ந்தது. இத்தகைய வேளைகளில், நடந்ததை உடனே முழுவதும் சொல்லித் தீர்க்குமாறு ஒருவரை வற்புறுத்துவது நன்மை தராது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பேச விரும்பாதவரைப் பேசாதிருக்க விடுதலும் உதவியே.

தாய்மொழியில் அழுபவர் தாய்மொழியிலேயே பேச வேண்டும். தமிழ் பேசும் உளவளத்துணையாளர் எல்லா இடங்களிலும் இருப்பதில்லை; ஆகவே நாள் குறிக்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். மகனை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது தகாது. தாய் சொல்ல வந்தது மகன் கேட்கக் கூடாததாகவே இருக்கலாம். அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் மும்மொழிகளிலும் இயங்குகின்றது. 1974ஆம் ஆண்டு முதல் தொண்டாற்றிவரும் சுமித்ரயோ அமைப்பினர் சிகிச்சை செய்பவரல்லர். நண்பரைப் போல அமர்ந்து கேட்பவர்கள். அங்கு பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.