அழுத்தித் தேய்த்தால் பல் ஏன் கூசுகிறது?

அழுத்தித் தேய்த்தால் பல் வெளுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது தேய்மானம்தான். பல்லின் மேலுறையான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

ஈறோரத்தில் எனாமல் மிக மெல்லியது. அங்கே முரட்டு பிரஷ்ஷைக் குறுக்காக இழுத்து இழுத்துத் தேய்த்தால் ஈறு பின்வாங்கி, வேர் வெளியே தெரியும். வேரை மூடிய மெல்லிய படலமும் தேய்ந்தால் உள்ளே இருக்கும் டென்டின் வெளிப்படும். அதில் ஏராளமான நுண்குழாய்கள் உண்டு. ஐஸ் தண்ணீர் பட்டதும் அவற்றிலுள்ள திரவம் நகர்ந்து நரம்பைத் தூண்டுகிறது. சுரீரென்று கூசுவது அதனால்தான். கரித்தூளும் செங்கல்பொடியும் இந்தத் தேய்மானத்தை இன்னும் விரைவுபடுத்தும்.

பல்லில் அன்றாடம் படியும் பாக்டீரியாப் படலம் மென்மையானது. அதை நீக்கப் பலமே தேவையில்லை. மென்மையான பிரஷ்ஷை ஈறோரமாக 45 பாகை சாய்த்து, விரல்நுனிகளால் பிடித்து, சிறு சிறு அசைவுகளாக 2 நிமிடம் தேய்த்தால் போதும்.

எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் தேய்க்காதீர்கள். புளிப்பில் தாதுக்கள் கரைந்து எனாமல் இளகியிருக்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது கொடுங்கள். வாங்கிய சில வாரங்களிலேயே பிரஷ்ஷின் இழைகள் விரிந்துவிட்டனவா? பிடியைத் தளர்த்துங்கள்.